தாய்மாமன் கட்டிய பெல்ட்

அம்மிணி,

அகில கொழிஞ்சாம்பாறை ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்த தெய்வங்களையெல்லாம் மைக்கில் கூப்பிட்டு எழுப்பியவனும், உன் தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். மூணாறைத் தாண்டி இருக்கிற சூரியநெல்லிக்கென்று பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு பி.டி. டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி திறக்கிற அன்றைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். நீயோ போகமாட்டேன் என்கிறாய். காரணம் நான். என் மண்டைக்குள் வயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

பக்கத்து அறையில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம், அதையும் எதற்குக் கராத்தே கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கேட்பாய். பலகை போதாவிட்டால் சுவரிலும் ஒட்டுவேன். எனக்கு ரகசியம் பேசத் தெரியாது, அம்மிணி. நான் காதோடு காதாகச் சொன்ன சேதிகளுக்குச் சித்தூர்ச் சந்தையில் மாடுகள் மிரண்டு ஓடியிருக்கின்றன. அது ஒரு காரணம். மற்றது சிரிப்பு வராத காரணம். இன்றைக்கு நான் சொல்வதை நாளைக்கு நானே இல்லை என்று சாதிக்கக்கூடும். அதனால் ஊரைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன்.

உன் அப்பா போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் என் சவுண்ட் சர்வீஸ் சாமான்களோடு உங்கள் வீட்டுக்குக் குடிவந்தேன். உனக்குத் தொட்டில் கட்டிய இடத்துக்கு நேர் கீழே என் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. தாலாட்டுப் பாடத் தெரியாததால், "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கி அன்றைய திருவிழா நிகழ்ச்சி நிரலை மெதுவாகச் சொல்வேன். வாணவேடிக்கை வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஊரில் பல கதைகள் உண்டு. அத்தனையும் நானே கட்டிவிட்டவை. உண்மை என்னவென்றால், பெண் பார்க்கப் போன ஒரே வீட்டில் நான் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் தங்கைக்கே கல்யாண வயது வந்துவிட்டது. அதனால் எனக்குக் கிடைத்த பிள்ளை நீ ஒருத்திதான்.

பள்ளியில் ஒரு பையனைக் கடித்துவிட்டாய் என்று புகார் வந்த வருடம்தான் உன்னைக் கராத்தேயில் சேர்த்தேன். பல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், கை கால்களும் உழைக்கட்டும் என்று. உன் அம்மா சம்மதிக்கவில்லை. என் தங்கை என்னைத் திட்டும்போது மரியாதை குறையாமல் திட்டுவாள், அது அவளுடைய தனித் திறமை. "ஏனுங்ணா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இந்த உதை பழக்கம்?" என்றாள். "கடிக்கிறதை விட உதைக்கிறது கௌரவம் தாயீ" என்றேன். வழக்கு அத்தோடு முடிந்தது.

முதல் கிரேடிங், அதுதான் பெல்ட் மாற்றும் தேர்வு, கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சள் பெல்ட்டுக்கு. அடிப்படைக் குத்தும் உதையும் காட்டி, கட்டா என்கிற அந்த அசைவு வரிசையை ஒன்றுகூடப் பிசகாமல் செய்து முடித்தாய். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தலையை ஆட்டினார். மாஸ்டர் சித்தூர்க்காரர், நல்ல மனிதர். புது பெல்ட்டை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தார். அப்போதுதான் நான் தாம்பாளத்தோடு எழுந்தேன். பழம், வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, நடுவில் ஒரு தேங்காய். பின்னாலேயே உன் அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். வெட்கத்தில்தான்.

"சேட்டா, இது கல்யாணமல்ல, கிரேடிங்காணு" என்றார் மாஸ்டர்.

"தெரியுமுங்க மாஸ்டர். ஆனா எங்க சனத்துல புள்ளைக்கு உடம்புல எதக் கட்டினாலும் மொதல்ல தாய்மாமன்தானுங்க கட்டோணும். கட்டலைன்னா சாமி குத்தமாயிரும். மழை பெய்யாது. பாரதப்புழை வத்திப்போயிரும்."

"பாரதப்புழ இப்பவே வத்திக் கிடக்குது சேட்டா."

"அது வேற எவனோ மாமன் கட்டாம உட்டதுனாலதானுங்க!"

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் தேர்வாளரும் சிரித்தார். பெல்ட் என் கைக்கு வந்தது. எப்படிக் கட்டுவது என்று எனக்கு அப்போது தெரியாது. மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். நடுவை வயிற்றில் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை எல்லாச் சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழுத்து முடிய வேண்டும், இரண்டு நுனியும் ஒரே அளவாகத் தொங்க வேண்டும். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முடிந்ததும் குனிந்து நுனிகளை அளந்து பார்த்தாய். "மாமா, சரியா இருக்குதுங்க" என்றாய். எனக்கு எத்தனையோ பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், அதில் பாதி நானே வாங்கிக் கொடுத்துப் போர்த்தச் சொன்னவை. ஆனால் உன் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் என் தோளில் விழவில்லை.

அந்தக் குறும்பு ஊர் வழக்கமாகிவிட்டது, இது நான் எதிர்பாராதது. அடுத்த கிரேடிங்குக்கு எல்லா வீட்டு மாமன்களும் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். மளிகைக்கடை ராவுத்தர் வீட்டு மச்சினர் அல்வாப் பெட்டியோடு வந்தார். திருப்பூரிலிருந்து ஒரு மாமன் பனியன் கட்டோடு வந்தார். மாமன் இல்லாத பிள்ளை ஒன்று மூலையில் உட்கார்ந்து விசும்ப, அதற்கும் நானே போய்க் கட்டினேன். அன்று முதல் ஊருக்கே தாய்மாமன் ஆனேன். வாயில் மைக், கையில் பெல்ட். "இதோ வருகிறார், கொழிஞ்சாம்பாறையின் கொடுவாள், எதிரிகளின் இடுப்பொடிப்பவர், மூன்றாம் வகுப்பு பி பிரிவு..." என்று நான் அறிவிக்கும்போது அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே ஓர் அங்குலம் வளர்ந்துதான் நடந்து வந்தன.

நீ நீல பெல்ட்டுக்குத் தோற்ற நாளைச் சொல்லியாக வேண்டும். தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றுவிட்டேன், உன் பெயர் வரவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தேர்வாளரின் கண்ணாடிக்குப் பவர் போதாது, அவருடைய குலத்திலேயே பார்வை குறைவு என்று மைக்கில் ஒரு சிறு புராணம் தொடங்கினேன். நீ வந்து மைக்கின் ஸ்விட்சை அணைத்தாய்.

"மாமா, சும்மா இருங்க. திரும்புற எடத்துல எனக்குக் காலு தடுமாறிருச்சு. அவரு பாத்துட்டாரு. பாத்ததச் சொன்னவருகிட்ட எதுக்குங்க சண்டை?"

"தடுமாறுனா என்ன கண்ணு? இந்தப் பூமியே தடுமாறித்தான் சுத்துது. அதுக்கு ஆரு பெல்ட் குடுத்தாங்க?"

"மாமா."

அந்த ஒற்றை "மாமா"வில் நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஒன்று புரிந்தது. நான் எதையும் இருப்பதைவிடப் பெரிதாகச் சொல்லித்தான் நேசிக்கத் தெரிந்தவன். நீ இருப்பதை இருக்கிறபடி பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் நேசிக்கிறவள். உன்னுடையதுதான் கடினமான வித்தை. அடுத்த முறை நீ நீல பெல்ட் வாங்கினாய், பிறகு பிரவுன், பிறகு கறுப்பு. மாஸ்டர் தன் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்ட பிறகு கிளப்பையே நீ நடத்தினாய். தவறிய பிள்ளையிடம் தவறியது என்று சொல்வாய். எங்கே தவறியது என்றும் காட்டுவாய். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். ஒரு பெற்றவரும் உன்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

இனி என் சங்கதி. மறதி எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். நெல்லியாம்பதி மலையடியில் நான் சிறுத்தையைச் சந்தித்த கதையை எடுத்துக்கொள். ஒரு வருடம் ஒரு சிறுத்தை, மறு வருடம் மூன்று, அதற்கடுத்த வருடம் அதில் ஒன்று என்னிடம் பீடி கேட்டது. இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறவன் ஒரு நாள் உண்மையிலேயே மறந்து மாற்றிச் சொன்னால் எவன் கண்டுபிடிப்பான்? ஒரே கதையைச் சோற்றுக்கு முன்னும் பின்னும் சொன்னேன், "அண்ணன் ரெண்டாவது ஆட்டம் ஓட்டறாரு" என்றாள் உன் அம்மா. கோவிந்தாபுரத்துக் கோயிலுக்குத் திருவிழா முடிந்த பிறகு போய் ஸ்பீக்கர் கட்டினேன். பூசாரி விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த வருசத்துக்கு இப்பவே எடம் புடிக்கறனுங்க" என்றேன். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினேன் என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேலிக்காரனுக்கு இருக்கிற பெரிய வசதி இது, அம்மிணி. விழுந்தாலும் வித்தை காட்டுகிறான் என்று கைதட்டுவார்கள்.

பிறகு இந்தச் சித்திரையில் நடந்த கிரேடிங். நம் மண்டபம்தான், நம் ஜனம்தான். ராவுத்தரின் பேத்திக்கு ஆரஞ்சு பெல்ட். அவளுடைய மாமன் ஷார்ஜாவில் இருப்பதால் வீடியோ காலில் வந்திருந்தார். போனை அவளுடைய அம்மா உயர்த்திப் பிடித்திருந்தாள். ஷார்ஜா மாமன் சார்பில் ஊர் மாமன் கட்டுவதாக ஏற்பாடு. நான் வழக்கம்போல முழங்காலிட்டு, நடுவை வயிற்றில் வைத்து, சுற்றினேன். இரண்டு சுற்று. அதற்குமேல் ஒன்றுமில்லை.

அது எப்படி இருந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், ஊர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு நுனிகளும் என் இரண்டு கையில் இருந்தன. அடுத்து என்ன செய்வது என்ற இடம் அப்படியே வழித்துத் துடைத்துவிட்டது போல இருந்தது. எத்தனையோ இடுப்புகளில் கட்டிய கை அது. அந்தக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து எவனோ, "மாமோவ், பேட்டரி டவுனுங்களா?" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. ஷார்ஜாவும் சிரித்தது. உடனே நான் பெல்ட்டை உருவி என் தலையில் உருமாலாகச் சுற்றிக்கொண்டு, "இன்றைய மாப்பிள்ளை நானே! பெண் வீட்டார் எங்கே?" என்று மைக்கில் முழங்கினேன். சிரிப்பில் கூரை போயிருக்கும். எல்லோரும் அதை வேடிக்கை என்றே நினைத்தார்கள். அது வேடிக்கைதான், ஆனால் கை நின்றுபோன பிறகு தொடங்கிய வேடிக்கை.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் நீ. தேர்வு மேஜையிலிருந்து எழுந்து வந்தாய். அவசரப்படவில்லை. என் பக்கத்தில் முழங்காலிட்டு, என் தலையிலிருந்த பெல்ட்டை எடுத்து, குழந்தையின் இடுப்பில் சுற்றி, என் கைகளின் மேல் உன் கைகளை வைத்தாய். "இப்படிங்க மாமா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாய். என் விரல்களைப் பிடித்து நுனியை அடியில் விட்டு, மேலே இழுத்து, முடிந்தாய். உன் விரல்கள் ஐஸ் போலிருந்தன. பிறகு மைக்கை வாங்கி, "மாமாவுக்கு இன்னிக்குக் குறும்பு சாஸ்திங்க, எல்லாரும் கை தட்டுங்க" என்றாய். தட்டினார்கள். பார்த்ததைச் சொல்கிறவள் என்று நான் இத்தனை நாள் பெருமைப்பட்ட என் பிள்ளை, அன்றுதான் முதல் முறையாக அந்த மண்டபத்தில் பொய் சொன்னாள். எனக்காக.

பாலக்காட்டு டாக்டரிடம் நீதான் கூட்டிப் போனாய். கடிகாரம் வரையச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டார். நான் அற்புதமான ஒரு கதை சொன்னேன். அதில் ராஜா இருந்தார், யானை இருந்தது, டாக்டரே ஒரு மந்திரியாக வந்தார். அவர் கேட்ட மூன்று சொற்கள் மட்டும் இல்லை. "எனக்கு எந்தக் கலர் பெல்ட்டுங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே வெளியே போனவள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதாய். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது, கண்ணு. சவுண்டுக்காரன் காது.

முந்தாநாள் சமையலறையில் நீயும் அம்மாவும் பேசியதையும் கேட்டேன்.

"நான் போகலீங்கம்மா. மலையேறி எறங்கறதுக்கே ஒரு நாளாகுமுங்க. அவ்வளவு தூரம் எனக்கு ஆவாது."

"தூரம் ஆவாதா? நேத்து வரைக்கும் மூணாறு பஸ் டயத்தை மனப்பாடமா ஒப்பிச்சுக்கிட்டு இருந்தே. பொய் சொல்லாத கண்ணு. நான் இருக்கறனல்ல, அண்ணனைப் பாத்துக்க மாட்டனா?"

"நீங்க பாத்துக்குவீங்க. அவரு என்னையத் தேடுவாருங்கம்மா."

நான், "என்னங்க, மந்திரிசபை ரகசியக் கூட்டமா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். ஈரக் காலோடு வந்து தரையெல்லாம் சேறாக்கியிருந்தேன். வழக்கமாக இருந்தால் என் ஏழு தலைமுறைக்கும் மரியாதையோடு திட்டு விழுந்திருக்கும். உன் அம்மா துணியை எடுத்துத் துடைத்தாள். "உக்காருங்ணா, காபி தரேன்" என்றாள். டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, அம்மிணி. என் தங்கை என்னைத் திட்டாமல் விட்டாளே, அப்போதுதான் பயம் வந்தது. போகிறதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டுப் போ, என்னைப் பழையபடி திட்டச் சொல்.

நீ போக வேண்டும் என்பதற்கு என்னிடம் பெரிய பெரிய காரணங்கள் இருந்தன. சூரியநெல்லியில் யானைகள் ரேஷன் கடை வாசலில் கார்டோடு வரிசையில் நிற்குமாம், அவற்றுக்கும் யாராவது உதைக்கக் கற்றுத்தர வேண்டாமா என்று ஒரு பத்தி யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிடுகிறேன். சின்னக் காரணம் ஒன்று போதும். இண்டர்வியூவுக்குப் போய்த் திரும்பிய அன்று, தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்த மைதானத்தைப் பற்றி எங்களிடம் சொன்னாயே, பனி விலகினதும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடி வருமென்று. அதைச் சொல்லும்போது உன் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய் பெல்ட்டை இறுக்கியது. அன்று நீ சுடிதாரில் இருந்தாய், இடுப்பில் பெல்ட்டே இல்லை. நானும் உன் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு ஆசைப்படுகிற ஒரு வேலையைத் தூரம் என்று சொல்லி விடுகிறாயே, அது மண்டபத்தில் நீ சொன்ன பொய்யின் தங்கச்சி. முதல் பொய்யை நான் வாங்கிக்கொண்டேன். அது எனக்குத் தேவைப்பட்டது. இரண்டாவதை வாங்க மாட்டேன். நாளைக்கு இந்த வீட்டு அறையில் நான் உன் முகத்தைப் பார்த்து யாரென்று கேட்பேன். இதற்காகவா வேலையை விட்டோம் என்று நீ நினைக்க மாட்டாய், உனக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் நான் நினைப்பேனே, இன்றைக்கே நினைக்கிறேனே.

ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் நான் போன் செய்வேன். "அம்மிணி, எங்க போயிட்ட? சீக்கிரம் ஊட்டுக்கு வா, இங்க ஆரோ ஒரு பொம்பள என்னையப் புடிச்சு வெச்சிருக்கறா" என்று அழுவேன். அந்தப் பொம்பளை உன் அம்மாதான், பயப்படாதே. நீ வகுப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நின்ற இடத்தில் நிற்க விட்டு, அப்படியே பஸ் ஏறக் கிளம்புவாய் என்று எனக்குத் தெரியும். கிளம்பாதே. வகுப்பை முடி. லீவு வரும்போது வா. கூப்பிட்டவன் நானல்ல, என் நோய்தான் கூப்பிட்டது என்று நினைத்துக்கொள்.

இப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிகளும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன, மைக்கில் படித்தால் கைதட்டு நிச்சயம். ஆனால் அது பொய், கண்ணு. வாழ்நாளெல்லாம் சிறுத்தைகளை அளந்துவிட்டவன், இந்த இடத்தில் அளக்க மனம் வரவில்லை. அன்றைக்குக் கூப்பிடப் போவது நோயல்ல, நான்தான். வயர்கள் ஓரளவு சரியாக இருக்கிற இந்த நேரத்திலும் நடுச்சுவரைத் தட்டி, "போகாத அம்மிணி" என்று சொல்லத்தான் எனக்குக் கை போகிறது. நோய் வந்து அந்த ஆசையை எனக்குத் தரப்போவதில்லை. இன்றைக்கு அதை அடக்கி வைக்க எனக்குத் தெரிகிறது, அன்றைக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் அடக்கத் தெரிந்தவன் இருக்கும்போதே கேட்டுக்கொள். பெட்டியை மூடு. காலையில் பொள்ளாச்சி போய் மூணாறு பஸ் ஏறு. நான் வாசலுக்கு வரமாட்டேன், வந்தால் கூப்பிட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
இன்றைக்கு உன்னை நன்றாகத் தெரிந்த
உன் மாமா